எந்த ஃப்ளாட், யாரைப் பார்க்கணும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,



நான் கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவன். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சின்ன அலுவலகம். அரை கிரவுண்டு வீட்டிலிருந்து ஐந்து மாடிக் கட்டடம் வரை பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒழுகல், விரிசல், பால்கனியை மூடி அறையாக்குவது என்று ஏதோ ஒரு வேலையாக உங்களில் சிலருடைய வளாகத்துக்கும் வந்திருக்கிறேன். வந்ததற்கு, வாசலில் வருவோரைப் பதியும் உங்கள் கேட் செயலியில் சாட்சி இருக்கும்: என் முகம், வண்டி எண், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம்.

இந்த மடலை பில்டர்களுக்கு எழுதியிருக்கலாம். அவர்கள் விற்றுவிட்டு அடுத்த மனைக்குப் போய்விடுகிறவர்கள். செயலி நிறுவனங்களுக்கு எழுதினால் தானியங்கிப் பதில் வரும். அரசுக்கு எழுதினால் ரசீது வரும். உங்களுக்கு எழுதக் காரணம் எளிது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் பொதுப் பகுதிகளைச் சங்கத்தின் பொறுப்பில்தான் விட்டிருக்கிறது. கேட், ஸ்டில்ட், லிஃப்ட், மொட்டை மாடி, குழந்தைகள் விளையாடும் மூலை, எல்லாம் உங்கள் கையில். கேட் செயலியில் எதை ஆன் செய்வது, எதை ஆஃப் செய்வது என்பதும் உங்கள் கையில்தான். விருந்தாளி நம் வீட்டுக்கு எப்படி வருகிறார் என்பதை இந்த வட்டாரத்தில் இன்று உங்கள் செயற்குழு தீர்மானிக்கிறது. இதைச் சொன்னால் உங்களில் பலர் சிரிப்பீர்கள். மெயின்டனன்ஸ் பாக்கி வசூலிக்கவே நேரமில்லை, இதில் விருந்தோம்பல் வேறா என்பீர்கள்.

கேட்டில் நடப்பதைப் பாருங்கள். ஒரு பெரியம்மா ஆட்டோவிலிருந்து இறங்குகிறார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் முருங்கைக்காய் கட்டு. “எந்த ஃப்ளாட், யாரைப் பார்க்கணும்?” என்று வாட்ச்மேன் கேட்கிறார். பேரன் பெயரைச் சொல்கிறார். ஃப்ளாட் எண் நினைவில்லை. மகனின் எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பின்னால் உணவு கொண்டுவந்த பையன் ஹாரன் அடிக்கிறான். வாட்ச்மேன் செயலியில் தட்டுகிறார். மேலே மருமகள் மீட்டிங்கில் இருக்கிறார், போன் சைலண்டில் கிடக்கிறது. பதில் வரவில்லை. பின்னால் வந்த பையனுக்கு உடனே அனுமதி வந்துவிடுகிறது, ஏனென்றால் பிரியாணியை எல்லோரும் போனைப் பார்த்தபடியே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மா வெயிலில் நிற்கிறார். உட்கார இடமில்லை. இந்த வட்டாரத்தில் நான் பார்த்த வளாகங்களில் கேட்டுக்கு வெளியே உட்கார இடம் உள்ளவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் வாட்ச்மேனுக்கு ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான்.

கேட் செயலியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கணவர் வெளிநாட்டில், மனைவி குழந்தையோடு தனியாக என்றிருக்கும் வீடுகள் உங்கள் வளாகங்களில் உண்டு. பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் மட்டும் நாலாவது மாடியில் என்பதும் உண்டு. அவர்களுக்கு அந்தச் செயலி தரும் நிம்மதி பெரியது. மாதம் எத்தனை லாரி தண்ணீர் வந்தது என்ற கணக்கு நோட்டிலிருந்து செயலிக்கு மாறியபிறகு எத்தனையோ வளாகங்களில் சண்டை குறைந்திருக்கிறது. கோடையில் லாரித் தண்ணீரில் வாழும் பகுதிக்கு அது சின்ன விஷயமில்லை. என் புகார் வேறு. கொரோனாக் காலத்தில் 2020இல் அவசரத்துக்குப் போட்ட கட்டுப்பாடுகள் பல வளாகங்களில் அப்படியே தங்கிவிட்டன. அவற்றை மறுபடி எடுத்துப் பார்க்க எந்தப் பொதுக்குழுவும் உட்காரவில்லை.

அந்தக் காலத்தில் திண்ணை இருந்தது, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்தார்கள் என்று ஏங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டுப் பிளான் போடுகிறவனுக்குத் திண்ணையின் இன்னொரு முகமும் தெரியும். ஆளைத் தரம் பிரிக்கும் இடமும் அதுதான். திண்ணை வரை வரலாமா, ரேழி வரை வரலாமா, கூடத்தில் உட்காரலாமா, அடுக்களையை எட்டிப் பார்க்கலாமா என்று ஒவ்வொரு சுவரும் ஒரு சாதிக்கோடாக நின்றது. இந்த இரண்டு முகத்துக்கும் நம் வட்டாரத்தோடு ஒட்டிய இரண்டு கதை உண்டு.

முதல் கதை வைணவ மரபில் எல்லோருக்கும் தெரிந்தது. திருக்கோவலூரில் மழை இரவு. ஒரு வீட்டு இடைகழியில் ஒருவர் படுத்திருந்தார், இரண்டாமவர் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள், மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள், பிறகு கண்ணுக்குத் தெரியாத நாலாமவராக இறைவன் நெருக்கினார் என்பது கதை. அந்த மூவர்தான் முதலாழ்வார்கள். அவர்களோடு உறவாடியவராக மரபு சொல்லும் திருமழிசையாழ்வாரின் ஊர் பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. என் தொழிலின் கண்ணோடு பார்த்தால் அந்தக் கதையின் நாயகன் இடைகழிதான். தெருவும் அல்லாத வீடும் அல்லாத நாலடி இடம். வந்தவரை யார் என்று கேட்குமுன் நனையாமல் நிற்கவைத்த இடம்.

இரண்டாவது கதை பூந்தமல்லிக்காரரான திருக்கச்சிநம்பியுடையது. காஞ்சி வரதருக்கு விசிறி வீசும் தொண்டு செய்தவர், பிராமணர் அல்லர். இராமானுசர் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்பது இராமானுசரின் ஆசை. நம்பியை அழைத்துவர அவர் ஒரு வழியாகப் போக, நம்பி வேறு வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இராமானுசர் திரும்பி வந்தபோது மனைவி தஞ்சமாம்பாள் இலையை அகற்றி, இடத்தை மெழுகி, மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, குளித்துப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தார். குருபரம்பரைக் கதைகள் இதை இராமானுசரின் வருத்தமாகச் சொல்கின்றன. எனக்கு அது ஒரு வீட்டின் வரைபடமாகத் தெரிகிறது. விருந்தாளி உள்ளே வந்தார், சாப்பிட்டார், ஆனாலும் அந்த வீடு அவரை ஏற்கவில்லை.

எனவே வந்தவரைப் பிரிப்பதைச் செயலி கண்டுபிடித்ததாகச் சொல்ல மாட்டேன். அது பிரிக்கும் விதம்தான் புதிது. விருந்தினர், டெலிவரி, வாடகைக் கார், வீட்டு வேலையாள் என்று நாலைந்து கட்டம். பழைய தரம் பிரிப்பில் குறைந்தது பிரிக்கிறவர் எதிரில் நின்றார். கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் முகம் தெரிந்தது, வெட்கப்படவும் மனம் மாறவும் வாய்ப்பிருந்தது. இப்போது மேலே ஒருவர் ஒரு பொத்தானைத் தொடுகிறார், கீழே வாட்ச்மேன் தலையாட்டுகிறார். மறுத்தவர் யாரென்று மறுக்கப்பட்டவருக்குத் தெரியாது. வேலையாளுக்கும் டெலிவரிக்காரருக்கும் தனி லிஃப்ட், வீட்டு லிஃப்டில் ஏறக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டும் வளாகங்கள் சென்னை முழுக்க இருக்கின்றன. தஞ்சமாம்பாள் சாணமிட்டு மெழுகினார், நாம் லேமினேட் செய்து ஒட்டுகிறோம்.

இந்தக் கட்டங்களில் இல்லாத ஒரு விருந்தாளி இருக்கிறார். அவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்தையே கட்டியவர் அவர்.

1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை வைத்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பாடியில், கொரட்டூரில், திருமுல்லைவாயலில் அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான பட்டறைகள். இவற்றில் வேலைக்கு வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? மெஸ்ஸும் லாட்ஜும் கொஞ்சம் பேருக்கு. மற்றவர்கள் எல்லாம் யாரோ ஒரு மாமா வீட்டில், ஊர்க்காரர் வீட்டில், அண்ணனோடு படித்தவர் வீட்டில். ஒற்றை அறை போர்ஷனில் ஐந்து பேர் குடும்பம், அதில் ஆறாவதாக ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன். அப்ரெண்டிஸ் கிடைக்கும்வரை, முதல் சம்பளம் வரும்வரை, கல்யாணம் ஆகும்வரை. இரவில் பாய் வராந்தாவில் விரியும். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்குப் பகலில் அதே பாய். ஆவடி குவார்ட்டர்ஸிலும் அப்படித்தான், முகப்பேர், மதுரவாயலில் உலக வங்கிக் கடனில் வந்த சின்ன மனைகளிலும் அப்படித்தான். அந்த மனைகளில் குடும்பங்கள் அறை அறையாகக் கட்டிக்கொண்டே போனதற்கு ஒரு காரணம் பிள்ளை பெருகியது. இன்னொரு காரணம் ஊரிலிருந்து வந்தவர்கள்.

மூன்று மாதமோ அதற்கு மேலோ தங்கும் அந்தப் பையனுக்கு உங்கள் செயலியில் என்ன கட்டம்? விருந்தினர் என்றால் எத்தனை மணி நேரம் என்று கேட்கும். குடியிருப்பவர் என்றால் வாடகை ஒப்பந்தம் கேட்கும். ஒரு வாரத்துக்கு மேல் தங்கும் விருந்தாளியைப் பற்றிச் சங்கத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் சில வளாகங்களில் உண்டு. பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். அங்கே வேலைக்கு வரும் பிள்ளைகள் இன்று பேயிங் கெஸ்டாகப் போனிலேயே கட்டில் பிடித்துக்கொள்கிறார்கள். அது அவர்களுக்குச் சுதந்திரம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. மாமா வீட்டு அடுப்படியில் இலவச வேலை செய்து தேய்ந்தவர்கள் கதை எனக்குத் தெரியும். ஆனாலும் வாடகை கொடுக்க முடியாதவர்கள் இன்றும் வருகிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு, தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு. அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று தயங்குகிற உறவினருக்கு உங்கள் விதி ஒரு சாக்கைக் கொடுக்கிறது. “எங்க ஃப்ளாட்ல அசோசியேஷன் விடமாட்டாங்கப்பா.” இந்த வாக்கியத்தை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். சொன்னவர் முகத்தில் இருந்தது நிம்மதியா வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

   

வீட்டுக்குள் வருகிறேன். என்னிடம் பிளான் கேட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் ஒரு சிட்-அவுட் வேண்டும் என்பார்கள், வந்தவரை உட்கார வைக்க. இப்போது அந்த இடத்தில் பார்சல் வைக்க ஒரு அலமாரி கேட்கிறார்கள், அதன் மேல் சிசிடிவிக்கு ஒரு பாயிண்ட். ஹாலில் சோபா எதிரெதிராக இருந்தது போய், டிவி யூனிட்டைப் பார்த்து வரிசையாக ஆகி வெகுநாளாகிறது. விருந்தினர் அறை என்று வரைந்த அறை 2020க்குப் பிறகு அலுவலக அறை ஆயிற்று. அதில் படுக்கை போட்டால் வீடியோ மீட்டிங்கில் பின்னால் தெரியும் என்பதால் கட்டிலே இல்லை. அடுப்படியில் மாவு ஆட்டும் இடத்துக்கு யாரும் அளவு கேட்பதில்லை. விருந்தாளி வந்தால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று போனை நீட்டுகிறார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை, சமைக்கும் பெண்ணுக்கும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது. கதவில் மாட்டும் கேமரா மட்டும் உறுத்துகிறது. அகலம் ஐந்தடியே உள்ள நடைவழியில் உங்கள் கேமரா எதிர்வீட்டுக் கதவைத்தான் பார்க்கிறது. அந்த வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்பது உங்கள் போனில் சேமிக்கப்படுகிறது. எதிர்வீட்டுப் பெண் தன் வீட்டுக்கு யாரையாவது கூப்பிடும் முன் ஒரு நொடி யோசிக்கிறார்.

அடுத்து, இந்த வீடுகளில் வளரும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2021இல் ஏறத்தாழ அதையே சொன்னது; இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், ஆனால் உறவினரோடு எப்போதாவது வீடியோவில் பேசுவது பரவாயில்லை என்று ஒரு விலக்கும் கொடுத்தது. நல்ல விலக்கு. பாட்டி போனில் இருக்கலாம். என் கேள்வி, பாட்டி கேட்டில் நிற்கும்போது என்ன செய்கிறோம் என்பது.

சின்னக் குழந்தை, வீட்டுக்கு ஆள் வருவதைப் பார்த்துத்தான் எத்தனையோ கற்றது. பெல் அடித்ததும் ஓடும். புது முகத்தைக் கண்டு அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். பத்து நிமிடத்தில் எட்டிப் பார்க்கும். அரை மணியில் வந்தவரின் பையைக் கிளறும். ஒரு அந்நியர் எப்படி நம்மவர் ஆகிறார் என்பதை அது தன் உடம்பாலேயே படித்தது. இன்று கதவு தட்டுகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே வராதவர்கள். பார்சலைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவர்கள். நாலு வயதுப் பிள்ளை ஒன்று கதவைத் திறந்து ஓடிபி எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்வதை நான் பார்த்தேன். எண்களைப் பிழையில்லாமல் சொல்லிற்று, பெற்றோருக்குப் பெருமை. வந்தவரை வாங்க என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை; சொல்ல வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை. உண்மையான விருந்தாளி வந்தாலோ, பெரியவர்கள் பேசட்டும் என்று கையில் போனைக் கொடுத்து உள்ளறைக்கு அனுப்புகிறோம். கிளம்பும்போது குழந்தை கையில் நூறு ரூபாய் வைத்து அழுத்தும் பழக்கமும் போய், ஜிபே பண்ணிடறேன் என்கிறார்கள். அந்தப் பணம் குழந்தையின் கைக்கு வருவதே இல்லை.

இதில் சங்கம் என்ன செய்யும்? நிறையச் செய்யும். குழந்தைகள் விளையாட என்று காட்டிய இடம் பல வளாகங்களில் ஜெனரேட்டருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்டில்ட்டில் பந்து விளையாடினால் கார் கண்ணாடி உடையும் என்று வாட்ஸ்அப் குழுவில் அபராத அறிவிப்பு வருகிறது. கீழே துரத்தப்பட்ட பிள்ளை மேலே போய் போனைத்தான் எடுக்கும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை வண்டிகளை ஒரு பக்கமாக நிறுத்தி, ஸ்டில்ட்டின் பாதியைப் பிள்ளைகளுக்கு விடும்படி ஒரு தீர்மானம் போடலாம், பைசா செலவில்லை. மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் வாட்ச்மேனின் குழந்தையும் வீட்டு வேலை செய்கிறவரின் குழந்தையும் அங்கே வரலாமா என்பதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள். பேசாமல் விட்டால் வரக்கூடாது என்றே பொருளாகிவிடுகிறது.

அந்தக் குழந்தைகளுக்கு உங்கள் பின்தெருவில் ஒரு அங்கன்வாடி இருக்கும். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம் அது. அங்கும் ஒரு செயலி வந்துவிட்டது. 2021இல் போஷன் டிராக்கர் வந்தது. பிள்ளையின் எடையும் உயரமும் வருகையும் போனில் ஏறின. 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுப் பொட்டலத்துக்கு முகத்தைப் படமெடுத்து ஆதாரோடு ஒப்பிடுவது கட்டாயமாயிற்று. தாயின் ஆதாரோடு இணைந்த எண் கணவரின் பழைய எண்ணாக இருந்தால் ஓடிபி தாய்க்கு வராது. கைக்குழந்தையோடு ஒரு தாய் சத்துமாவுக்காகப் போனின் முன் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்கிறார், பணியாளர் நெட்வொர்க் தேடுகிறார். உங்கள் கேட்டில் நிற்கும் பெரியம்மாவும் இவரும் ஒரே விஷயத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள்: தான் யார் என்பதை ஒரு போன் ஒத்துக்கொள்வதற்காக. உங்களில் ஓய்வு பெற்றவர்கள், போன் நன்றாகக் கையாளத் தெரிந்தவர்கள் பலர். வாரத்தில் ஒரு காலை அந்த அங்கன்வாடிக்குப் போய், எண் மாற்றவும் பதிவு செய்யவும் அந்தப் பெண்களுக்கு உதவலாம்.

கேட்டுக்கு வருகிறேன். பெற்றோர், உடன்பிறந்தோர், அடிக்கடி வரும் உறவினர் ஆகியோரை வீட்டு மனிதராகப் பதிந்துவைக்கும் வசதி பல செயலிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். வயதானவர் வந்து மேலிருந்து பதில் வராவிட்டால், வாட்ச்மேனே கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டலாம் என்று எழுதிவைத்துவிடுங்கள், இல்லையென்றால் பழி அவர் தலையில் விழும். வந்துபோனவர் படத்தையும் எண்ணையும் எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று செயலிக்காரரைக் கேளுங்கள். தேவை முடிந்த தகவலை அழிக்க வேண்டும், 18 வயதுக்குட்பட்டவர் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதன் விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன. நடைவழிக் கேமராவின் கோணம் சொந்தக் கதவோடு நிற்க வேண்டும் என்று துணைவிதியில் ஒரு வரி சேருங்கள். மூன்று மாத விருந்தாளிக்கு ஒரு பெயர், ஒரு எண் போதும், விண்ணப்பம் வேண்டாம்.

கடைசியாக உட்காரும் இடம். கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. டெலிவரி வேலை செய்கிறவர்களுக்கு அண்ணா நகரில் குளிரூட்டிய ஓய்வறையே கட்டியது சென்னை மாநகராட்சி. உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில், ஒரு கார் நிற்கும் இடத்தில் பாதி. ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் சுவர், மேலே கடப்பா கல், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. வரைபடத்தை நான் போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம். கட்டி முடித்தபிறகு அதில் யார் யார் உட்காரலாம் என்று பலகை மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து ஒரு பிளான்காரன்